பாதுகாப்புக்கு வருபவரும் காக்கிதானே?

கேள்வி: 2025 ஆகஸ்ட் 3, காலை

ஏற்காடு மலையில் இருக்கிறோம். ஊர் பெயர் வேண்டாம். 2023-ல் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனை விசாரணை என்று கூட்டிப் போய் அடித்துவிட்டார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். என் மச்சான் அதைக் கண்ணால் பார்த்தவர். இப்போது சேலம் கோர்ட்டுக்கு வரச்சொல்லி அவருக்கு சம்மன் வந்திருக்கிறது. சம்மன் வந்ததிலிருந்து தெரிந்த ஏட்டு ஒருவர் வாரம் ஒரு தடவை போன் பண்ணி நலம் விசாரிக்கிறார். சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் என்று 2018-ல் வந்திருக்கிறது, அதில் மனு போடலாம் என்கிறார் ஒரு வக்கீல். மனு போட்டால் காவலுக்கு யார் வருவார்கள்? போலீஸ்தானே? அப்புறம் எதற்குப் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 3, இரவு

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆமாம், போலீஸ்தான் வருவார்கள். ஆனாலும் மனு போடுங்கள்.

சேலம் கோர்ட் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வக்கீல் இல்லை. பன்னிரண்டு வருஷமாக மனு அடித்து அடித்துச் சட்டம் கொஞ்சம் விரலில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் உங்கள் மலையில்தான் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன்.

திட்டம் இப்படி. 2018 டிசம்பர் 5-ம் தேதி மகேந்தர் சாவ்லா வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. சட்டம் வரும்வரை இதுவே சட்டம் என்றும் சொன்னது. சாமியார் ஆசாராம் வழக்கின் சாட்சிகள் ஒவ்வொருவராகத் தாக்கப்பட்டு, சிலர் செத்தும் போன பிறகு வந்த வழக்கு அது. மாவட்ட நீதிபதி தலைமையில் மூன்று பேர் குழு: அவர், மாவட்டப் போலீஸ் தலைவர், அரசு வழக்குகளை நடத்தும் துறையின் மாவட்டத் தலைவர். மூன்றாமவர் வழியாகத்தான் மனு போகும். மனு வந்ததும் மிரட்டல் எவ்வளவு பெரியது என்று ஓர் அறிக்கை கேட்பார்கள். அதை அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரே எழுதுவார். அடித்தது யார் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

வேலியே பயிரை மேய்கிறது என்று யாரும் கீழே எழுதிவிடாதீர்கள். போன மாதம் மட்டும் நாலு மனுவில் அந்த வரியை டைப் அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, காலை

திருத்தம். நேற்று இன்ஸ்பெக்டர் என்று எழுதியது தப்பு. அறிக்கை எழுதுவது அந்த உட்கோட்டத்தின் டிஎஸ்பி, நகரம் என்றால் உதவி கமிஷனர். டீக்கடையில் ஒரு ஜூனியர் வக்கீல் பார்த்துவிட்டு, "அண்ணா, மனு அடிக்கறவரே இப்படி எழுதலாமா" என்று கேட்டார். ஐந்து வேலை நாளில் அறிக்கை வந்தாக வேண்டும், அது வந்ததிலிருந்து இன்னொரு ஐந்து வேலை நாளில் மனுவை முடித்தாக வேண்டும். அவசரம் என்றால் இடைக்காலப் பாதுகாப்பும் தரலாம்.

டிஎஸ்பி என்பதால் நிம்மதியா என்று கேட்டால், அரை நிம்மதி. இன்ஸ்பெக்டர் மாசக் கணக்கை ஒப்படைப்பதே அவரிடம்தானே.

ஆகஸ்ட் 4, இரவு

மேலே ஒருவர், "ஏட்டு நலம் விசாரிப்பதெல்லாம் மிரட்டலா, சும்மா பயப்படாதீங்க" என்று எழுதியிருக்கிறார். அவர் போலீஸ் வழக்கில் சாட்சி சொன்னதில்லை என்பது மட்டும் தெரிகிறது.

திட்டத்தில் மிரட்டலை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஏ. உடம்பு, மானம், சொத்துக்கு ஆபத்து என்றால் பி. தொந்தரவு, மிரட்டல் என்ற அளவில் நின்றால் சி. முதல் முறை டைப் அடித்தபோது சிரிப்பு வந்தது. காப்பிக் கொட்டையையும் நாங்கள் ஏ, பி, சி என்றுதான் சலித்து எடுப்போம். அதில் பீபெர்ரி என்று ஒன்று உண்டு. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் உருண்டையாக ஒன்றே ஒன்று இருக்கும். எந்தக் கிரேடிலும் சேராது, தனியாகப் பொறுக்க வேண்டும். நலம் விசாரிக்கும் ஏட்டு பீபெர்ரி. எந்த சல்லடையிலும் நிற்க மாட்டார்.

ஆகஸ்ட் 6

தம்பி தனியாக அனுப்பிய குற்றப்பத்திரிகை நகலைப் பார்த்தேன். பழைய தண்டனைச் சட்டத்தின் 323, 324 பிரிவுகளை மட்டும் போட்டிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது இங்கேதான்.

திட்டம் எல்லா வழக்குக்கும் கிடையாது. மரண தண்டனை, ஆயுள், அல்லது ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம், அப்புறம் பெண்களுக்கு எதிரான சில குற்றங்கள், இவற்றுக்குத்தான். 323-க்கு ஒரு வருஷம், 324-க்கு மூன்று வருஷம். ஆக, திட்டத்தின் வாசலுக்கே போக முடியாது. ஆனால் ஒப்புக்கொள்ள வைக்க அடித்தால் அதற்கென்றே 330 இருக்கிறது, ஏழு வருஷம். கொடுங்காயம் என்றால் 331, பத்து வருஷம். புதிய சட்டத்தில் இரண்டும் 120-ல் சேர்ந்துவிட்டன. சம்பவம் 2023 என்பதால் உங்களுக்குப் பழைய எண்கள்தான். "மிளகு மூட்டை எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள்" என்று பையனே புகாரில் சொல்லியிருக்கிறான். அது 330 இல்லாமல் வேறென்ன? தீர்ப்புக்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் குற்றச்சாட்டைத் திருத்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வக்கீலை முதலில் அதற்கு மனு போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பையன் மலையாளி என்றால் பழங்குடிப் பட்டியலில் வருபவன். (கேரளத்துக்காரர் என்று நினைத்துக் கேட்ட அன்பருக்கு: இல்லை. சேர்வராயன், கல்வராயன் மலைகளில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கே அந்தப் பெயர்.) வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ என்று ஒரு பிரிவு 2016 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமல்லாமல் சாட்சிக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, தேவைப்பட்டால் வேறு இடத்தில் தங்க ஏற்பாடு எல்லாம் அரசின் கடமை என்று அதில் இருக்கிறது. அடித்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லை என்றால் இதைக் கேட்கலாம். பல வக்கீல்கள் கேட்பதில்லை. என் கடையில் 15ஏ என்று அடித்த மனுக்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஆகஸ்ட் 9, இரண்டாம் சனி

கோர்ட் லீவு. கடையைத் திறந்து வைத்தும் யாரும் வரவில்லை. ஒருவர், "பயப்படாமல் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள், சத்தியம் ஜெயிக்கும்" என்று எழுதியிருக்கிறார். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நானே பிறழ் சாட்சி, கோர்ட்டில் வாக்குமூலத்தை மாற்றிச் சொன்னவன்.

2007, மிளகு பறிக்கும் காலம். எங்கள் எஸ்டேட்டில் இரண்டு மூட்டை காணாமல் போனது. பறிப்பு வேலைக்கு வந்த ஓர் ஆளைச் சந்தேகத்தில் கூட்டிப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. மூட்டைக் கணக்கைக் கொடுத்துவிட்டு வரச்சொல்லி மேனேஜர் என்னை அனுப்பினார். பகல் பதினொரு மணி. பின்பக்கம் திண்ணை மாதிரி ஒரு இடம், அங்கே உட்கார வைத்திருந்தார்கள். நான் பார்க்கும்போதே இரண்டு பேர் கையில் அடித்தார்கள், விரல் மேலேயே. அப்புறம் ஒருவர் டீ வாங்கி வந்து அவரிடம் நீட்டினார். விரலை மடக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் டம்ளரை இடுக்கிக்கொண்டார். குடிப்பதற்கு முன்னாலேயே பாதி வேட்டியில் கொட்டிவிட்டது. "டீகூட ஒழுங்காக் குடிக்கத் தெரியல" என்று சிரித்தார்கள். அடியைவிட அந்தச் சிரிப்புதான் இன்னும் காதில் கேட்கிறது.

மூட்டைகள் அப்புறம் கிடைத்தன. லாரியில் ஏற்றும்போது கணக்குத் தப்பியிருந்தது. கணக்கு எழுதியது நான்.

ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடந்தது. பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது பயமே இல்லை, ஒரு கோபம் இருந்தது. என் கணக்கில் தப்பு என்ற குற்ற உணர்ச்சியும் இருந்தது. அதன் பிறகு வழக்கு ஆனது. வாய்தா, வாய்தா, வாய்தா. எனக்கு சம்மன் வந்தது 2013-ல். ஆறு வருஷத்தில் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஒரு நாள் நான் வீட்டில் இல்லாதபோது ஓர் ஏட்டு பைக்கில் வந்தார். குற்றம் சாட்டப்பட்ட ஆள் இல்லை, வேறொருவர். "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேட்டிருக்கிறார். குடித்துவிட்டு, "பையன் மூணாவதுதானே? எந்தப் பஸ்ல வர்றான், சாயங்காலம் இருட்டிடுமே" என்றிருக்கிறார். நாலரை மணி பஸ் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். போகும்போது மரத்திலிருந்து நாலு கமலா ஆரஞ்சைப் பறித்துப் பையில் போட்டுக் கொடுத்தும் அனுப்பியிருக்கிறாள். நான் வந்ததும், "நல்ல மனுஷங்க, உங்களை விசாரிச்சாரு" என்றாள்.

இதை எந்தப் படிவத்தில் எப்படி எழுதுவது? தண்ணீர் கேட்டார். பஸ் நேரம் கேட்டார். ஆரஞ்சு வாங்கிக்கொண்டார். பழைய தண்டனைச் சட்டத்தில் 195ஏ என்று இருந்தது, பொய் சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டினால் ஏழு வருஷம் வரை என்று. அது 2006-லேயே வந்துவிட்டது, என் வழக்குக்கு முன்னாலேயே. ஆனால் மிரட்டினால்தானே.

கோர்ட் நாளன்று வராந்தாவில் எனக்கும் அவர்களுக்கும் ஒரே பெஞ்ச். "வாங்க ரைட்டரே" என்று அவரே டீ வாங்கித் தந்தார். குடித்தேன். டவாலி பெயரைக் கூப்பிட்டார். கூண்டில் ஏறினேன். "இருட்டாக இருந்தது, முகம் சரியாகத் தெரியவில்லை" என்றேன். பகல் பதினொரு மணி சம்பவத்துக்கு. அரசு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சியாகக் கருத அனுமதி கேட்டு, குறுக்கு விசாரணை செய்து, பத்து நிமிஷத்தில் முடித்தார். அவருக்கும் ஆச்சரியமே இல்லை.

மலைக்கு மூன்றரை மணி பஸ்ஸில் ஏறினேன். எனக்கு இரண்டு சீட் முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார், அடி வாங்கியவர். வலது கை விரல் மடங்காது, அதனால் முழங்கையை மடக்கிக் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றார். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு இந்தப் பக்கம் சாயும், அப்புறம் அந்தப் பக்கம். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த பள்ளி ஆண்டுக்குள் எஸ்டேட்டை விட்டுக் கீழே வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 10

நேற்று எழுதியதைக் காலையில் படித்தபோது நாடகம் போலத் தெரிந்தது. ஆனால் அழிக்கப் போவதில்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏட்டு மட்டும் காரணம் என்று எழுதியது பாதி உண்மை. மேனேஜர் என்னிடம், "ரைட்டர் ஆறு நாள் கோர்ட்டுக்கு அலைஞ்சா சம்பளம் யார் குடுப்பா" என்று கேட்டார். அதுவும் ஒரு காரணம். எது முதலில், எது அடுத்தது என்று எனக்கே தெரியாது.

இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. 2019-ல் கடைக்கு ஒரு நாள் வந்தார், சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க. காசு வேண்டாம் என்றேன். இடது கையால் பாக்கெட்டைத் துழாவி இரண்டு ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 14

"அப்படியானால் போலீஸுக்கு எதிராக யாரும் நிற்கவே முடியாதா?" நியாயமான கேள்வி. நின்றிருக்கிறார்கள், நமக்குப் பக்கத்திலேயே.

அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊர்ப் பெண்களைக் கொண்டுவந்து அடைத்தது நம் சேலம் சிறையில். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லாரும் அரசு ஊழியர்கள். 2012-ல் தர்மபுரி கோர்ட் தீர்ப்பு சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. ஒருவரும் தப்பவில்லை.

அந்தப் பெண்கள் ஏன் பிறழவில்லை? எந்தத் திட்டமும் அப்போது இல்லை, துப்பாக்கிக் காவலும் இல்லை. ஊரே சாட்சி என்பதால்தான் என்று நினைக்கிறேன். யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பது? எல்லா வீடும் அதே வீடு.

ஆகஸ்ட் 14, இரவு

வருஷம் தப்பு. தர்மபுரி தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. அதே தேதியில் 2023-ல் ஐகோர்ட் அதை உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன்னால் நீதிபதி வேல்முருகன் நேரில் ஊருக்கே போய்ப் பார்த்தார்.

மதியம் எழுதியதையும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஊர் ஒற்றுமை மட்டும் போதாது. மலைவாழ் மக்கள் சங்கம் விடாமல் கூட நின்றது. விசாரணை உள்ளூர் போலீஸிடமிருந்து 1995-ல் சிபிஐக்குப் போனது. விசாரிப்பவன் வேறு ஊர்க்காரன் என்பதே பாதிப் பாதுகாப்பு. என் வழக்கில் நான் ஒருவன்தான், எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தவன். வீடும் முதலாளியுடையது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சாத்தான்குளம் பற்றிக் கேட்டிருந்தார்கள். 2020 ஜூன். அப்பா ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ், இரண்டு பேரும் போலீஸ் அடித்துச் செத்துப்போனார்கள். அதில் எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு: அங்கே மிரட்டல் முதலில் போனது சாட்சிக்குக்கூட இல்லை, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கே. ஸ்டேஷனுக்குள் அவரை ஒரு காவலர் ஒருமையில் பேசினார். அதற்குப் பிறகு மதுரை ஐகோர்ட் கிளை செய்ததைப் பாருங்கள். ஸ்டேஷனையே வருவாய்த் துறை கையில் கொடுத்தது! மாஜிஸ்திரேட்டுக்கே அந்தக் கதி என்றால் எஸ்டேட் ரைட்டர் எம்மாத்திரம்.

அங்கே முக்கிய சாட்சி ஒரு பெண் தலைமைக் காவலர். விடியவிடிய அடித்ததைச் சொன்னார், சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடத் தயங்கினார். பாதுகாப்பு உறுதி என்று சொன்ன பிறகுதான் போட்டார். கோர்ட் அவருக்குக் காவலும் சம்பளத்தோடு லீவும் கொடுக்கச் சொன்னது. சம்பளத்தோடு என்ற அந்த ஒரு சொல்லை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். (ஆறு நாள் சம்பளம் யார் குடுப்பா.)

இந்த வருஷம் ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், அவரும் போலீஸ் அடித்துச் செத்தவர். அடித்ததை ஒளிந்து நின்று செல்போனில் எடுத்தவர் உயிருக்குப் பயமாக இருக்கிறது என்று டிஜிபிக்கே எழுத வேண்டி வந்தது. நம் மாவட்டத்தில் 2021 ஜூனில் வாழப்பாடி பக்கம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடி. குடித்துவிட்டு வந்த ஒரு வியாபாரியை எஸ்எஸ்ஐ (சிறப்பு எஸ்ஐ) ஒருவர் நடுரோட்டில் லத்தியால் அடித்தார், அவர் செத்துப்போனார். செல்போன் வீடியோ ஊரெல்லாம் பரவியது, எஸ்எஸ்ஐ கைதானார். வீடியோ இல்லாவிட்டால் "போதையில் விழுந்தார்" என்று முடிந்திருக்கும்.

செல்போனிடம் போய் யாரும் தண்ணீர் கேட்க முடியாது. ஆனால் எடுத்தவன் ஒருவன் இருக்கிறானே.

ஸ்டேஷன் கேமரா என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எல்லா ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், வராந்தா ஒன்று விடாமல் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சாத்தான்குளத்தில் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். தம்பி வழக்குக்கு இது உதவாது. 2023 பதிவு இந்நேரம் இருக்காது.

ஆகஸ்ட் 18

பேச்சு எங்கெங்கோ போகிறது, நானும் ஒன்று சேர்த்துவிடுகிறேன். சேலம் சிறையை எழுதியதும் நினைவு வந்தது. 1950 பிப்ரவரி 11, அதே சிறைக்குள் துப்பாக்கிச் சூடு, 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் உள்ளே இருந்த கைதிகள். ராத்திரி அவர்கள் தூங்கியதும் அதே கொட்டடியில், அதே வார்டர்கள் காவலில். அஸ்தம்பட்டி வழியாகப் போகும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பார்ப்பேன்.

ஆகஸ்ட் 23

"பிறழ் சாட்சிகளை உள்ளே போட்டால் எல்லாம் சரியாகும்" என்று ஒருவர். என்னைத்தான் சொல்கிறார், சரி.

போட்டிருக்கிறார்கள். குஜராத் பெஸ்ட் பேக்கரி வழக்கில் வாக்குமூலத்தை மாற்றி மாற்றிச் சொன்ன பெண்ணுக்கு 2006-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வருஷம் ஜெயில் கொடுத்தது. வீட்டு ஆட்களை எரித்துக் கொன்றதைப் பார்த்த பெண் அவர். நம் ஓமலூர் மாணவர் கோகுல்ராஜ் கொலையிலும், அது போலீஸ் வழக்கு இல்லை, சாதி வழக்கு, முக்கிய சாட்சி பிறழ்ந்துவிட்டார். 2022 நவம்பரில் ஐகோர்ட் அவர் மேல் கோர்ட் அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. ஆனால் அந்த வழக்கு அவரால் விழவில்லை. திருச்செங்கோடு மலைக்கோயில் கேமராப் பதிவு நின்றது. விசாரணையை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றினார்கள். பத்துப் பேருக்கு மதுரைக் கோர்ட் ஆயுள் கொடுத்தது. பிறழ் சாட்சி சொன்னதை முழுக்கத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை, நம்பத் தகுந்த பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம்.

என்னை உள்ளே போட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். பஸ் நேரம் கேட்டவரை யார் என்ன செய்திருப்பார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

லாக்கப்பில் காயம் பட்டால் அதற்குப் போலீஸே பதில் சொல்ல வேண்டும், அடித்தார்கள் என்று கோர்ட் ஊகித்துக்கொள்ளலாம் என்று சட்டக் கமிஷன் 1985-லேயே, தன் 113-வது அறிக்கையில் எழுதிக் கொடுத்தது. சாட்சிச் சட்டத்தில் 114பி என்று சேர்க்கச் சொன்னது. இன்றுவரை சேர்க்கவில்லை. அது இருந்தால் ரைட்டர்களையும் பறிப்புக்காரர்களையும் கூண்டில் ஏற்றும் வேலையே பாதி குறைந்துவிடும்.

ஆகஸ்ட் 30

தம்பி எழுதியிருக்கிறார்: குற்றச்சாட்டில் 330 சேர்க்க மனு போட்டாயிற்று, அது முடிந்ததும் பாதுகாப்பு மனு. அதில் என்ன கேட்பது என்கிறார்.

துப்பாக்கிக் காவல் கேட்காதீர்கள் என்று எழுத வந்தேன். இருங்கள், அது என் பயம். மச்சான் கேட்க விரும்பினால் கேட்கட்டும், வேறு மாவட்டத்துப் படையிலிருந்து ஆள் வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். பெயரை மறைப்பது பற்றி ஒரு பத்தி திட்டத்தில் உண்டு. முப்பது வீட்டு ஊரில் பெயரை மறைத்து என்ன, அவர் வளர்க்கும் ஆடு எது என்றுகூட எல்லோருக்கும் தெரியும். இடம் மாற்றித் தருவதும் உண்டு. ஆட்டையும் காப்பிச் செடியையும் யார் பார்ப்பார்கள்? அதையும் விடுங்கள்.

நான் இன்று அந்த இடத்தில் இருந்தால் கேட்பது இது: வராந்தாவில் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது. சாட்சியும் குற்றவாளியும் நேருக்கு நேர் பார்க்காமல் ஏற்பாடு செய்யலாம் என்று திட்டமே சொல்கிறது, வீடியோ வழியாகச் சொல்லவும் இடம் இருக்கிறது. வந்த அன்றே சாட்சியம் பதிவாக வேண்டும், வாய்தா கூடாது. சாட்சி வந்து நிற்கும்போது காரணம் எழுதாமல் ஒத்திவைக்கக் கூடாது என்று நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. போக்குவரத்துச் செலவு, போன கூலி. அப்புறம் நீதிபதி மச்சானை நேரில் கூப்பிட்டுப் பேச வேண்டும். குழு அப்படிப் பேச வேண்டும் என்றுதான் திட்டத்தில் இருக்கிறது, பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்தே முடித்துவிடுவார்கள். உத்தரவு ஒரு தடவைக்கு மூன்று மாதம்தான், அதை மறந்துவிடாதீர்கள், நீட்டிக்கக் கேட்க வேண்டும்.

வக்கீல் பீஸ் கவலை வேண்டாம். பழங்குடி என்றால் வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

செப்டம்பர் 1

விட்டுப்போனது. ஏட்டு மறுபடி போன் பண்ணினால் மச்சான் எடுக்கட்டும். "நல்லா இருக்கறனுங்க" என்று மட்டும் சொல்லட்டும். வைத்ததும் தேதி, நேரம், என்ன கேட்டார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஒரு தடவை எழுதினால் நலம் விசாரிப்பு. பதினொரு தடவை வரிசையாக எழுதி மனுவோடு சேர்த்தால் டிஎஸ்பி அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். என் மனைவி அன்றைக்கு நோட்டுப் போட்டிருந்தால் அதில் "ஆரஞ்சு 4" என்றுதான் எழுதியிருப்பாள்.

செப்டம்பர் 6

தேதி கிடைத்துவிட்டதாம். எந்த நாள் என்று இங்கே எழுத வேண்டாம், தம்பி. எழுதியிருந்ததை அழித்துவிடுங்கள்.

மச்சானைத் தனியாக அனுப்பாதீர்கள். ஐந்தாறு பேராக முதல் பஸ்ஸில் இறங்குங்கள். பெண்களும் வரட்டும். கடை எது என்று தனியாக எழுதியிருக்கிறேன். வழக்கமாக ஒன்பதரைக்குத் திறப்பேன், அன்றைக்கு எட்டரைக்கே ஷட்டர் ஏறியிருக்கும். உள்ளே ஒரு பெஞ்ச் இருக்கிறது, பெயர் கூப்பிடும்வரை அங்கேயே இருக்கலாம். டவாலி கூப்பிட்டால் ஜூனியர் வக்கீல் ஓடி வந்து சொல்லுவார், பேசிவிட்டேன். டீ நான் வாங்கித் தருகிறேன். வராந்தாவில் வேறு யார் நீட்டினாலும் குடிக்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிடுங்கள்.